தொண்ணூற்று நான்காம் செடி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு பட்டியலை வாசித்தது. சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசை. நான் மடிக்கணினியைப் பார்த்து எண்களை வாசித்தேன். அவரிடம் அதே பட்டியலின் அச்சுப் பிரதி இருந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்து அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் வாசிக்க வாசிக்க அவர் பென்சிலால் குறி போட்டார். பக்கத்தில் ஈக்களுக்குக் கணக்கு எழுதும் அவருடைய ஈ நோட்டு திறந்திருந்தது.

இது எங்களுக்குப் பழக்கமான வேலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவர் வேலையிலிருந்து ஏதாவது எண்களைக் கொண்டுவருவார். நான் வாசிப்பேன், அவர் சரிபார்ப்பார். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

"வாசிம்மா."

"ஒண்ணு, அழிச்சாச்சு. ரெண்டு, செத்துடுச்சு. மூணு, செத்துடுச்சு. நாலு, அழிச்சாச்சு."

"மெதுவா. ரயில் புடிக்கவா போற?"

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "செத்தது எது, அழிச்சது எதுன்னு காலங்காத்தால என்ன பேச்சு இது? பொழைச்சது ஒண்ணு கூடவா இல்ல?"

"ஒண்ணே ஒண்ணு பொழைச்சிருக்காம்," என்றார் அப்பா. "அதத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

தொண்ணூற்று நான்கு வந்தது. "உயிரோட இருக்கு," என்று வாசித்தேன். பென்சில் நின்றது.

"திருப்பிச் சொல்லு."

"தொண்ணூத்தி நாலு. உயிரோட இருக்கு."

அவர் ஈ நோட்டில் பல பக்கங்கள் பின்னால் போய்த் தேடினார். விரலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, "சரி, மேல போ," என்றார். முந்நூற்று எண்பத்தெட்டு வரும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. அதற்கு மட்டும் தேதி கேட்டார். சொன்னேன். அடுத்த எண்ணின் தேதியையும் கேட்டார். அதே தேதி.

"போதும்," என்றார்.

"இன்னும் ஏழு இருக்குப்பா."

"போதும்மா."

என் கைப்பேசியில் அலுவலகச் செய்தி ஒன்று வந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "திங்கக்கிழமை அந்த ஆபீசரம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார். சரிப்பா என்றேன். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அவர் இறந்தார்.

*

அப்பா ஒரு தாவர ஆராய்ச்சி நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். முதல் பதினாறு ஆண்டுகள் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனை இயக்கினார். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வெளியேறும் மண், இலை, தட்டு, கையுறை எல்லாவற்றையும் சிவப்புப் பைகளில் கட்டி அதற்குள் வைத்து, நூற்று இருபத்தொரு டிகிரியில் அவித்துக் குப்பைக்கு அனுப்புவது. வீட்டில் அதற்குப் பெயர் பெரிய குக்கர். இடது முன்கையில் அதன் கதவு வைத்த தழும்பு இருந்தது.

பிறகு ஆறு ஆண்டுகள் பூச்சி தின்னும் செடிகளோடு இருந்தார்.

அவை உள்ளங்கைக்குள் அடங்குகிற செடிகள். ஒவ்வொரு இலையின் நுனியிலும் இரண்டு மடல், ஓரத்தில் பல் போன்ற முட்கள். மடலுக்குள் மெல்லிய ரோமங்கள். ஈ வந்து ஒரு ரோமத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. அரை நிமிடத்துக்குள் இரண்டாவது முறை தொட்டால் மடல் மூடிக்கொள்ளும். மழைத்துளிக்கும் தூசிக்கும் ஏமாறாமல் இருக்கச் செடிக்குள்ள ஏற்பாடு. முதல் தொடுகையைச் செடி எதில் நினைவு வைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகக் கடலில் மினுங்கும் ஓர் உயிரியின் மரபணுவை எடுத்து இந்தச் செடிகளுக்குள் செருகியிருந்தார்கள். இருட்டறையில், கேமரா வழியாகப் பார்த்தால், தொட்ட இடத்திலிருந்து பச்சை ஒளி மடல் முழுக்கப் பரவும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை என்னை அங்கே கூட்டிப் போனார். ஒரு தூரிகை மயிரால் ரோமத்தைத் தொட்டார். திரையில் பச்சை பரவி, மங்கியது. மடல் அசையவில்லை. மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி தொட்டார். பச்சை இன்னும் அடர்த்தியாக எழுந்து, மடல் சட்டென்று மூடியது.

"பாத்தியா? இதுக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும். நம்ம ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அதுவே தகராறு."

செடிகளுக்குத் தீனி போடுவது அவர் வேலை. தீனி சீராக இருக்க வேண்டும் என்பதால் வெளியே பிடித்த பூச்சி ஆகாது. அவரே ஈ வளர்த்தார். தவிடும் பால்பவுடரும் கலந்த ஜாடிகள், வலை கட்டிய பெட்டிகள். அந்த வாடை அவர் தோலிலேயே ஊறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போக வேண்டும், அம்மாவின் சட்டம் அது.

"ஊர்ல கடையில உக்காந்து ஈ ஓட்டறவங்களப் பாத்திருக்கேன். ஈ வளக்கறதுக்கு ஆபீஸ் போறவரு நீங்க ஒருத்தர்தான்."

"வளத்து ஆளாக்கி அனுப்பறேன்ல. ஒண்ணாவது திரும்பி வந்து குறை சொல்லுச்சா?"

"எப்படி வரும்? அதான் முழுங்கிடுதே."

பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு செடிக்கும் ஓர் ஈ. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஈக்களைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போக வைப்பார். எத்தனை செடியோ அத்தனை ஈயை எண்ணி ஒரு கிண்ணத்தில் எடுப்பார். இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார். கடைசிச் செடியில் கிண்ணம் காலியாக வேண்டும். ஓர் ஈ மிஞ்சினால் எங்கோ ஒரு செடி பட்டினி. முதல் மேசையிலிருந்து திரும்பத் தொடங்குவார். மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரமாகும். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தேதி, எடுத்த ஈ, மிஞ்சிய ஈ என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தார். மூன்றாவது கட்டத்தில் எப்போதும் பூஜ்யம்தான்.

நிறுவனத்தின் கணக்கில் அந்த நோட்டுக்கு இடமில்லை. அது அவருடைய சொந்த நோட்டு.

நிறுவனத்தின் கணக்கை நான் எழுதினேன்.

*

நான் அதே நிறுவனத்தில், வேறு கட்டிடத்தில், தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் ஆண்டு செடிப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை தடித்த பதிவேடுகள் இருந்தன. எண், நட்ட தேதி, மேசை, நிலை, கடைசியில் குறிப்பு. குறிப்பு என்ற பத்தியில் ஆளாளுக்குக் கிறுக்கி வைத்திருந்தார்கள். இலை கருகல். தண்ணீர் அதிகம். யாரோ ஒருவர் பல் மருத்துவரின் தொலைபேசி எண்ணைக்கூட எழுதியிருந்தார். அந்தப் பத்தியை நான் எடுத்துவிட்டேன். நிலை என்பதற்கு மூன்றே தேர்வுகள் வைத்தேன். உயிருடன், இறந்தது, அழிக்கப்பட்டது. புதுத் தொட்டி வைத்தால் புது எண் தானாக வரும். தொட்டியில் அந்த எண்ணை ஒட்ட வேண்டும்.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணாடி வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஷீட்டு எம்பொண்ணு செஞ்சது," என்றார். மின்சாரம் பார்க்க வந்தவரைக்கூட விடவில்லை. என்னை இன்ஜினியரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். இப்போது பதினோரு ஆய்வுக்கூடங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

மரபணு மாற்றிய செடி வெளியே போகக் கூடாது. கண்ணாடி வீட்டுக்கு இரட்டைக் கதவு, உள்ளே போட்ட அங்கியை உள்ளேயே கழற்றிவிட்டு வர வேண்டும். வடிகால் தண்ணீர்கூடத் தொட்டியில் தேங்கி, கொதித்த பிறகே வெளியேறும். மொட்டு வந்தால் காம்போடு நறுக்கிவிட வேண்டும், மகரந்தம் பறந்துவிடும் என்று. ஆறு ஆண்டில் அந்தச் செடிகள் ஒருமுறைகூடப் பூக்கவில்லை. நறுக்கியதும் அவர்தான்.

போன வசந்தத்தில் திட்டம் முடிந்தது. விதிப்படி எல்லாச் செடிகளையும் அழிக்க வேண்டும். அப்பாவே அதைச் செய்தார். ஒவ்வொரு தொட்டியின் எண்ணையும் கருவியில் காட்டி, செடியைப் பிடுங்கி, பைக்குப் பதினைந்தாகக் கட்டினார். பத்தொன்பது பை நிறைந்து, இருபதாவதில் ஒன்றே ஒன்று. இருநூற்று எண்பத்தாறு. அவித்து முடிக்க இரண்டு நாளானது.

வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தார். "எல்லாத்தையும் அவிச்சாச்சு," என்றார்.

"போகட்டும். இனிமே அந்த நாத்தம் இல்ல," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறதுதானே," என்றாள். அவர் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் என் ஷீட் இருநூற்று எண்பத்தேழு என்று காட்டியது.

*

ஒரு செடி வெளியே போயிருக்கிறது என்றால் அது பெரிய விஷயம். அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பாதுகாப்பு அதிகாரி அப்பாவை அழைத்து, எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்றார். எந்த எண் என்று சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை அது ரகசியம். அப்பா, குறையவில்லை, இருநூற்று எண்பத்தாறுதான், கிண்ணம் காலி என்றார். கிண்ணத்தைப் பற்றி அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்மையில் கண் அறுவை ஆனவர் என்று எழுதிக்கொண்டார். அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அந்த வாரம் அதிகாரி எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் உங்கள் தந்தை என்று தெரியும், இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமே, ஷீட் தவறாக வாய்ப்புண்டா என்று கேட்டிருந்தார். நான் ஒருமுறை சோதனை ஓட்டிப் பார்த்தேன். எந்த எண்ணும் தொலையவில்லை. "வாய்ப்பில்லை" என்று பதில் எழுதினேன். அந்த மின்னஞ்சலில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

இரண்டாவது வாரம் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். இரண்டு பேர், கையில் அதே சிவப்புப் பைகள். மாடிமுகப்பில் அம்மா ஒன்பது தொட்டி வைத்திருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"இதுல எதாவது பூச்சி தின்னுமாம்மா?"

"இந்த வீட்ல பூச்சி புழுவெல்லாம் அவரு டிபார்ட்மெண்ட். என்னைக் கேட்டா?"

"தப்பா நெனைக்காதீங்க. எங்க வேலை."

"உங்க வேலைன்னு தெரியுது. மண்ண ஏன் தரையெல்லாம் கொட்டறீங்க? அத யாரு கூட்டறது, அதுவும் உங்க வேலையா?"

ஒன்பது செடிகளையும் வேரோடு எடுத்துப் போனார்கள். அப்பா சுவரோரமாக நின்றார். பை கட்டும் இளைஞர் முடிச்சைத் தப்பாகப் போட்டார். "இப்படிக் கட்டினா ஆவி உள்ள போவாது. வாய லேசா திறந்து விடணும்," என்றார் அப்பா. அவர்கள் போன பிறகு துடைப்பத்தை எடுத்து அவரே கூட்டினார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் வைத்து நான் அவரைக் கேட்டேன்.

"அப்பா, நீங்க எடுத்தீங்களா? ஒரு ஞாபகத்துக்குன்னு... எடுத்திருந்தாலும் பரவால்ல, சொல்லிடலாம்."

அவர் ஒரு படி கீழே நின்றிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எண்ணிப் பாத்தியா?"

"ஷீட்டுல பாத்தேன்."

"ஷீட்டுல பாத்தே. சரி."

அதன்பிறகு இன்ஜினியரம்மா என்று அவர் கூப்பிடவில்லை. வெறும் அம்மாதான். வாம்மா, போம்மா. கோபமெல்லாம் இல்லை. இரண்டு நாள் கழித்து, அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். விசாரணைத் தாள், கொடுக்கக் கூடாது என்றேன். சரி என்றார். மறுபடி கேட்டார். நான்கு முறை கேட்டார். ஐந்தாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, எடுத்து வந்தேன். அதுவும் அவர் சொன்னதை நம்பி அல்ல. வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்றுதான்.

*

ஞாயிறு காலை அவர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார். பிறகு மாடிமுகப்பில் காலித் தொட்டிகளில் புது மண் நிரப்பினார். ஏழாவது தொட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அம்மா அடுக்களையிலிருந்தே, "மறுபடியும் கொட்டியாச்சா?" என்று கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஆம்புலன்ஸ் வர பதினேழு நிமிடம் ஆனது. தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நிறுவனத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அப்பாவோடு ஆறு ஆண்டு வேலை செய்த பேராசிரியர் வரவில்லை. விசாரணை நடக்கும்போது வந்தால் சரியாக இருக்காது என்று சொல்லி அனுப்பினார். அம்மாவின் தங்கை அழுதுகொண்டே, "ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்காத மனுஷனாச்சே," என்றாள்.

அம்மா சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் பொட்டென்று ஒரு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வந்தது. ஆறு ஆண்டில் நாற்பதாயிரம் ஈயாவது இருக்கும். சித்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அதன்பிறகு அம்மா அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது நாள் அது அலமாரியில் கிடந்தது. பத்தாம் நாள் அம்மா அதைத் துவைக்க எடுத்தாள். பாக்கெட்டைப் பார்க்காமல் அவள் எதையும் தண்ணீரில் போட மாட்டாள்.

"இது நீ குடுத்த தாளா பாரு. சனிக்கிழமை வேற சட்டையில்ல போட்டிருந்தாரு? இதுல மாத்தி வெச்சிருக்காரு."

நான்காக மடித்த பட்டியல். அதே மடிப்பு. உள்ளே மூன்று எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். 94. 388. 389. முதல் வட்டத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் கோடு, பக்கம் மாறும் இடத்தில் தாளின் விளிம்புவரை இழுத்து, அடுத்த பக்கத்தின் விளிம்பில் தொடங்கியிருந்தார். கடைசித் தாளின் அடியில் பென்சிலில் நான்கு வரி.

'94 பிரித்து 388, 389 ஆனது. 94 எண்ணை அடிக்கவில்லை. அன்றுமுதல் ஈ 312. செடி எதுவும் குறையவில்லை.'

ஈ நோட்டை எடுத்தேன். அவர் விரல் வைத்திருந்த பக்கம் பென்சில் கரி பட்டு அழுக்காக இருந்தது. கண் அறுவைக்காக அவர் ஒன்பது நாள் விடுப்பில் இருந்த சமயம். விடுப்புக்கு முன் எடுத்த ஈ முந்நூற்றுப் பதினொன்று. வந்த பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் சின்னதாக, 'மூன்றாம் மேசை 94 இல்லை. பிரித்து இரண்டு தொட்டி. ஹெட்போன் பெண் சொன்னது.' காதில் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே வேலை செய்த ஆராய்ச்சி மாணவிக்கு அவர் வைத்த பெயர் அது. பட்டம் முடிந்து அவள் போய் மாதங்கள் ஆகின்றன. அவர் நோட்டில் குறிப்புக்கு எப்போதும் இடம் இருந்தது.

ஷீட்டின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இந்தச் செடிகள் வளர்ந்து அடர்ந்தால் கிழங்கு இரண்டாகப் பிரியும். எடுத்துத் தனித்தனியாக நட வேண்டும். மாணவி அதைச் சரியாகவே செய்திருக்கிறாள். புதுத் தொட்டி இரண்டு என்று போட்டாள். ஷீட் இரண்டு புது எண் கொடுத்தது. பழைய எண்ணின் நிலை என்ன என்று கேட்டது. செடி இறக்கவில்லை. அழிக்கவும் இல்லை. வேறு தேர்வு நான் வைக்கவில்லை. உயிருடன் என்று விட்டுவிட்டாள். பழைய தொட்டியிலிருந்து கழற்றிய எண் வில்லை சிவப்புப் பையில் போய் அவிந்திருக்கும். செடி முந்நூற்றுப் பன்னிரண்டு. ஷீட்டில் முந்நூற்றுப் பதின்மூன்று. ஆண்டுக் கணக்கெடுப்பு அதற்கு முந்தைய மாதமே முடிந்திருந்தது.

எண் தொலைகிறதா என்று மட்டும்தான் நான் சோதித்திருந்தேன். கூடுகிறதா என்று பார்க்கவில்லை.

எந்த எண் என்று முதல் வாரமே அவருக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்.

அம்மா ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். முழுதும் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியுமா, தப்பு உன்னோடதுன்னு?"

"தெரியும்மா. ஷீட்டு என்னோடதுன்னு ஊருக்கே சொன்னவரு."

"பின்ன ஏன் உம்பேரு எழுதல?"

நான்கு வரிக்குக் கீழே அவர் தேதி போட்டிருந்தார். திங்கட்கிழமையின் தேதி. அதற்கும் கீழே, நிறுவனத்தில் எந்தக் கணக்கெடுப்புக்கும் போடுவது போல, இரண்டு கோடு. எண்ணியவர் என்ற கோட்டின் மேல் அவர் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற கோடு வெறுமையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எண்ணியவரே சரிபார்க்கக் கூடாது என்பதும் விதி.

"இடம் விட்டு வெச்சிருக்காரும்மா," என்றேன்.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை காலையில உன்னக் கூப்பிட்டிருப்பாரு," என்றாள். "டீ குடிச்சுக்கிட்டே, இந்தா போடுன்னு நீட்டியிருப்பாரு."

"ம்."

"அப்ப போடு."

"எண்ணிட்டுத்தான் போடணும்."

*

எண்ணினேன். ஆறு ஆண்டின் ஈ நோட்டுகள் மொத்தம் ஐந்து. ஒவ்வொரு தேதிக்கும் அவர் எடுத்த ஈயையும் அன்று ஷீட்டில் இருந்த செடியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். அம்மா வாசித்தாள். எண்களை அவ்வளவு நேரம் வாசித்துப் பழக்கமில்லாததால் நடுநடுவே திட்டினாள்.

"மிஞ்சியது பூஜ்யம், மிஞ்சியது பூஜ்யம். ஒரு நாளாவது ஒண்ணு மிஞ்சினா என்ன குடியா முழுகிடும் இந்த மனுஷனுக்கு?"

இரண்டு நாள் ஆனது. அந்தத் தேதிவரை இரண்டும் ஒன்று. அந்தத் தேதியிலிருந்து கடைசிவரை ஷீட்டில் ஒன்று கூடுதல். இருநூற்று எண்பத்தாறு.

நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. சம்பந்தப்பட்ட ஊழியர் காலமானதால் விசாரணை இந்த மாத இறுதியோடு முடித்துவைக்கப்படும், ஒரு செடி கணக்கில் வரவில்லை என்ற குறிப்புடன் கோப்பு மூடப்படும், குடும்பத்தாருக்கு எங்கள் அனுதாபங்கள். கோப்பு மூடினால் அப்பாவின் பெயருக்கு நேரே அந்தச் செடி நிற்கும். கோப்பைத் திறந்தால் என் ஒற்றைச்சொல் மின்னஞ்சலும் பதினோரு ஆய்வுக்கூடங்களின் எண்ணிக்கையும் திறக்கும். என் பிரிவுத் தலைவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "மாசக் கடைசி வரைக்கும் பேசாம இருங்களேன்," என்றார். நல்ல மனிதர். என் நன்மைக்குத்தான் சொன்னார்.

சரிபார்த்தவர் என்ற கோட்டின் மேல் இன்று கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் இன்றைய தேதி. அவர் போட்ட தேதிக்கும் இதற்கும் இருபது நாள் வித்தியாசம். விதிப்படி இந்தத் தாள் செல்லாது. அதையும் தனியாக ஒரு வரியில் எழுதி, காரணத்தையும் எழுதியிருக்கிறேன். ஐந்து நோட்டுகளையும் ஒரு பையில் வைத்திருக்கிறேன். பையை அம்மா கட்டினாள்.

மின்னஞ்சலில் அனுப்பலாம். அவர் எதையும் அப்படி அனுப்பியதில்லை. கணக்குத் தாளைக் கையில்தான் கொடுப்பார், வாங்குகிறவர் கடைசி வரிவரை படிக்கும்வரை எதிரே நிற்பார்.

பாதுகாப்பு அதிகாரியின் அறை இரண்டாம் மாடியில், படியேறியதும் இடப்பக்கம் மூன்றாவது கதவு. பத்து மணிக்குத் திறப்பார்கள். நாளை திங்கட்கிழமை.